மூன்று வீட்டுக்காரர்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு மூன்று வீட்டுக்காரர் என்று பெயர். நேரில் பேசும்போது சார். கேட்கிறவர்கள் தப்பாக நினைத்துவிடுவார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவர் குடியிருந்தது வாடகை வீட்டில், ஒரே மனைவியோடு. மூன்று வீடு என்பது அவருடைய கம்ப்யூட்டரில் இருந்த, கட்டம் கட்டமாகப் பட்டியல் போடுகிற விரிதாள் மென்பொருளின் மூன்று பதிப்புகள். பழையது பெரிய வீடு, இடையில் வந்தது நடு வீடு, கடைசியாக வந்தது சின்ன வீடு. பெயர் வைத்த புண்ணியம் என்னுடையது.

நான் தபால் பிரிவு, அவருக்கு எதிர் மேஜை. பதினேழு வருடம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன். சிரித்த முகம் என்று சொல்ல மாட்டேன்.

வீடில்லாதவர்களுக்கு அரசாங்கம் கட்டித் தருகிற அடுக்குமாடி வீடுகளுக்குக் காத்திருப்போர் பட்டியல் எங்களிடம் இருந்தது. பதிவு எண் வாரியாக ஆளுக்கு ஒரு வரிசை. அதைப் பார்த்துக்கொண்டவர் அவர். பதிவு அட்டை அச்சடிக்கிற நிரலை, எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவர் எழுதிவைத்திருந்தார். அது பெரிய வீட்டில் மட்டும்தான் ஓடும். கிளை அலுவலகங்கள் அனுப்புகிற கோப்புகள் நடு வீட்டில்தான் கோணாமல் திறக்கும். தலைமை அலுவலகமோ சின்ன வீட்டுக் கோப்பைத் தவிர வேறெதையும் கையால் தொடாது. வேறு யாராக இருந்தாலும் மூன்று கம்ப்யூட்டர் கேட்டிருப்பார்கள். இவர் ஒரே பெட்டியில், தனித்தனி ஃபோல்டரில், பழையது முதலில் புதியது கடைசியில் என்று வயது வரிசைப்படி நிறுவிக் குடித்தனம் நடத்தினார்.

அந்தக் குடித்தனத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். எந்தக் கோப்பின் மேலும் டபுள் கிளிக் செய்யக் கூடாது. செய்தால், கடைசியாக எந்தப் பதிப்பை நிறுவினோமோ அதுதான் முந்திக்கொண்டு வந்து திறக்கும். முதலில் வேண்டிய பதிப்பைத் திற, அதற்குள்ளிருந்து கோப்பைக் கூப்பிடு. இதை ஒரு சீட்டில் எழுதி மானிட்டர் மேல் ஒட்டியிருந்தார். போதாததற்கு வாயாலும் சொல்வார். டீ போடுகிற அக்கா மேஜை துடைக்க வந்தால்கூட, "மௌஸ் பக்கம் போகாதேம்மா. தெரியாம ரெண்டு தடவ தட்டிட்டேன்னா என் உயிர் போயிடும்" என்பார். என்னைத் திட்டியது எத்தனை முறை என்று கணக்கே இல்லை. அந்தக் கடுப்பில்தான் ஒருநாள் அவர் மனைவி போன் செய்தபோது, "சார் சின்ன வீட்டுல இருக்காரு, கூப்பிடட்டுமா?" என்று கேட்டுவைத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த அம்மா நேரிலேயே வந்துவிட்டார். சார் திரையில் மூன்று பதிப்புகளின் குட்டிப் படங்களையும் காட்டினார். அம்மா குனிந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒரு வீட்டையே ஒழுங்கா பாத்துக்கத் தெரியாது. இதுல மூணா," என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரம் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பெரிய வீட்டுக்கு ஒரு குறை உண்டு. அதன் தாளில் அறுபத்தையாயிரத்து ஐநூற்று முப்பத்தாறு வரிசைக்கு மேல் இடம் கிடையாது. பட்டியல் அதைத் தாண்டி அறுபத்தொன்பதாயிரத்துச் சொச்சத்துக்கு வளர்ந்திருந்தது. அதனால் முழுப் பட்டியலைப் பெரிய வீட்டுப் பக்கமே அவர் கொண்டுபோவதில்லை.

அவர் ஓய்வுபெற நான்கு மாதம் இருக்கும்போது கம்ப்யூட்டர் பழுதாகி, மெக்கானிக்கிடம் போய்த் திரும்பி வந்தது. அந்த மகானுபாவன் மூன்று பதிப்புகளையும் தலைகீழ் வரிசையில் நிறுவியிருந்தான். பழையது கடைசியில். சார் உச்சுக்கொட்டினார், திங்கட்கிழமை மாற்றிக்கொள்ளலாம் என்றார். இறுதிப் பட்டியல் அனுப்பவேண்டிய வெள்ளிக்கிழமை அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது.

அன்றைக்கு எங்கள் அதிகாரி சாரின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். "ஒரு பேர்ல எழுத்துப் பிழை இருக்கு, மாத்திட்டு அனுப்பிடுங்க. மேல இருந்து போன் மேல போன் வருது." யாராவது பின்னால் நின்றால் சாருக்குக் கை ஓடாது. டக் டக் என்று இரண்டு சத்தம் கேட்டது. அந்த மௌஸிலிருந்து பதினேழு வருடத்தில் அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தேன், மறுபடி தபால் ஒட்டப் போய்விட்டேன். பெரிய வீடு முந்திக்கொண்டு திறந்து, கோப்பு முழுதாக ஏறவில்லை என்று திரையில் ஒரு பெட்டி வந்திருக்கிறது. நாமெல்லாம் செய்வதுபோல அவரும் படிக்காமல் சரி என்று அழுத்தியிருக்கிறார். பெயரைத் திருத்தினார், சேமித்தார், அனுப்பினார்.

பத்து நாள் கழித்துப் பட்டியல் அச்சாகிக் கட்டுக்கட்டாக அறிவிப்புப் பலகைக்குக் கீழே வந்தது. டீ அக்கா என்னைக் கூப்பிட்டார். "கண்ணு சரியா தெரியல. என் நம்பர் எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லும்மா." அவர் எண் அறுபத்தாறாயிரத்துப் பன்னிரண்டு. பதினோரு வருடமாகக் காத்திருக்கிறார். ஒரே அறையில் ஐந்து பேர், பெரிய மகள் பரீட்சை வந்தால் எங்கள் வரவேற்பறை பெஞ்சில் வந்து உட்கார்ந்து படிப்பாள். நான் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். பட்டியல் அறுபத்தையாயிரத்து ஐநூற்று முப்பத்தைந்தோடு முடிந்து, கீழே கையெழுத்தும் முத்திரையும் இருந்தன.

சாரிடம் போய்ப் பட்டியல் முடிந்த எண்ணைச் சொன்னேன். ஏன், எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தலைப்புக்கு ஒரு வரிசை போயிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

விதி இதுதான். இறுதிப் பட்டியலில் விடுபட்டவர்கள் புதிதாகப் பதிவு செய்து வாலில் போய் நிற்க வேண்டும். இயந்திரக் கோளாறு என்றால் குழு போட்டு விசாரித்து இரண்டு வருடம் கழித்து அடுத்த பட்டியலில் சேர்ப்பார்கள். எழுத்தரின் கைப்பிழை என்றால், அந்த எழுத்தரே எழுதிக் கொடுத்தால், ஒரு மாதத்தில் திருத்திவிடலாம். ஆனால் எழுதிக் கொடுத்தவரின் பணிப் பதிவேட்டில் சிவப்பு மை விழும். ஓய்வுபெறும் ஊழியருக்கு அலுவலக ஒதுக்கீட்டில் ஒரு வீடு உண்டு, சிவப்பு மை பட்டவருக்குக் கிடையாது. அந்த வருடத்து வீடு சாருக்கு என்று முடிவாகியிருந்தது. சாவி வாங்குவதுதான் பாக்கி.

அதிகாரி கெட்டவர் இல்லை. "கம்ப்யூட்டர் மேல போட்டுடுங்க சார். அது கோவிச்சுக்காது. ரெண்டு வருஷம்தானே, ஜனங்களுக்குக் காத்திருக்கிறது பழக்கம்தான்," என்றார்.

சார் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்து, கடிதம் எழுத ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். "உங்க வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றேன்.

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவா. அவ சொன்னா நான் கேட்டுடுவேன்."

கடிதத்தை நான்தான் பதிவு செய்து அனுப்பினேன், அதனால் படித்தேன். 'மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து பேர் விடுபட்டதற்குக் காரணம் மென்பொருள் அல்ல. கோப்பை நான் டபுள் கிளிக் செய்தேன். செய்யக் கூடாது என்று எனக்குத் தெரியும்.' இவ்வளவுதான். உறையை ஒட்டும்போது அவர்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்தச் சத்தம் கேட்டபோதே நான் வாயைத் திறந்திருக்கலாம் என்பதும் உறைத்தது.

டீ அக்காவுக்கு விஷயம் எப்படியோ தெரிந்தது. டம்ளரை வைத்துவிட்டு, "பேரை விட்டது யாரு சார்?" என்று கேட்டார்.

"நான்தாம்மா."

"என்னை அத்தனை தடவ திட்டினீங்களே," என்றார். அதற்குப் பிறகு சார் ஓய்வுபெறும் வரைக்கும் டீ ஒழுங்காக வந்தது, பேச்சு வரவில்லை. அவருக்கு வரவேண்டிய வீடு போன கதை அக்காவுக்குத் தெரியாது. சொல்லக் கூடாது என்று சார் என் வாயைக் கட்டியிருந்தார்.

ஏழு மாதம் கழித்து அக்காவுக்கு ஒதுக்கீட்டுக் கடிதம் வந்தது. இரண்டாம் மாடி, இரண்டு அறை. கடிதத்தைத் தூக்கிக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தார். அதற்குமேல் என்னால் அடக்கிக்கொள்ள முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்கா சாரின் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "போன் போட்டுக் குடும்மா" என்றார்.

போட்டேன். எடுத்தது அந்த அம்மா. என் குரலைக் கேட்டதும் தெரிந்துகொண்டார்.

"சார் இருக்காராம்மா?" என்றேன்.

"பெரிய வீட்டுலயும் இல்ல, சின்ன வீட்டுலயும் இல்ல," என்றார் அந்த அம்மா. "வாடகை வீட்டுலதான் இருக்காரு. கூப்பிடட்டுமா?"

நான் போனை அக்காவிடம் கொடுத்தேன்.