கூட்டினால் ஒன்று வரும் எண்

எர்ணாவூரில் எங்கள் குடியிருப்பில் யார் புது வண்டி எடுத்தாலும் முதலில் நம்பரைக் கூட்டிப் பார்ப்பார்கள். எட்டு வந்தால் முகம் தொங்கிவிடும். ஒன்று வந்தால் பிரியாணி. இதிலேயே வளர்ந்தவள் நான். ஆனாலும் என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் மாமா என் எண்ணைக் கூட்டியபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

எம்.எஸ்சி. கணிதம் முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அடுத்து ஆராய்ச்சிக்குச் சேர வேண்டும். என்ன படித்தாய் என்று மாமா கேட்டார். சொன்னேன். முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருகிற 2147483647 ஒரு பகா எண். என் புராஜெக்ட் அதைப் பற்றியது.

அவர் போனை எடுத்துத் தட்டினார். "நாப்பத்தாறு. நாலும் ஆறும் பத்து. அப்ப ஒண்ணு. சூரியன் நம்பரு. பொண்ணு ராசிக்காரிதான்."

எல்லோருக்கும் சந்தோஷம். மெஷினில் போட்டால் நொடியில் தெரிவதை ஏன் மாதக்கணக்கில் படிக்க வேண்டும் என்றும் கேட்டார். பொறுமையாகத்தான் விளக்கினேன். அந்தப் பெரிய எண்ணை வகுக்கும் சின்னப் பகா எண் ஏதாவது இருந்தால், அந்தச் சின்ன எண்ணை 248ஆல் வகுக்கும்போது மீதி ஒன்றோ அறுபத்து மூன்றோதான் வரும். மற்ற ஆயிரக்கணக்கான எண்களைத் தொடவே வேண்டாம். மிஞ்சியவற்றால் என் எண்ணைக் கையாலேயே வகுத்துப் பார்த்தேன். ஒன்றும் வகுக்கவில்லை.

வள்ளூர் அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் எடுக்கும் மாப்பிள்ளை சிரித்தார். "அப்ப நீங்களும் அந்த நம்பர் மாதிரிதான். யாராலயும் அசைக்க முடியாது."

நான் அந்த எண் இல்லை. என்னைத் தாராளமாக வகுக்கலாம். காலையிலிருந்து புடவைக்கும் பூவுக்கும் பஜ்ஜி மாவுக்குமாக அம்மா அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

பிறகு மாமா விஷயத்துக்கு வந்தார். பொண்ணு படித்தது போதும், இதோடு நிறுத்திக்கொள்ளட்டும் என்றார்.

அப்பா துறைமுகத்தில் கன்டெய்னர்களை இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டுகிறவர். மேஸ்திரியிடமே குரலைத் தாழ்த்தாதவர். அன்று "சரிங்க" என்றார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கூட்டிப் பாத்தா ஒண்ணுதான் தெரியும் மாமா," என்றேன். "மூணாலயோ ஒம்பதாலயோ வகுபடுமான்னு. நான் படிப்ப நிறுத்துவனான்னு அதுல தெரியாது. நிறுத்த மாட்டேன்."

காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

வாடகை நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அறைந்து அடுக்கினார் அப்பா. "ஊர்ல இல்லாத படிப்பு. படி. படிச்சுகினே கெட."

திட்டுதான். அந்தத் திட்டுக்குள் இருந்த சம்மதத்தைப் பிடித்துக்கொண்டு மறுநாளே ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்தேன். அப்பா பல நாள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பேசியதைக்கூட மறந்துவிடுவேன். அந்த "சரிங்க"வை எப்படி மறப்பது?