கூடைப்பந்துத் திடலில் முதல் காட்சி

என் பெரியம்மா மகள் பெர்லா எகிவாவுக்கு முப்பத்தாறு வயது. குறும்படம் எடுக்கிறாள். மெக்சிகோவில் எங்கள் உருவாபன் நகரப் பத்திரிகை அவளை 'வளர்ந்து வரும் இயக்குநர்' என்று மூன்று முறை எழுதிவிட்டது. மூன்றாவது முறை நான் அதை உரக்க வாசித்தபோது பெரியம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டாள்: "இன்னும் எத்தன வருஷம்டி வளர்ந்துக்கிட்டே இருப்ப? அவகாடோக் கன்னே நாலு வருஷத்துல காய்ச்சிடுது."

அக்கா சிரிக்கவில்லை. போலந்திலிருந்து மூன்று விமானமும் ஒரு பேருந்தும் மாறி அன்று காலைதான் வந்திருந்தாள். பெட்டியைத் திறக்காமல் அதன் மேலேயே தலைவைத்துக் கிடந்தாள். கழுத்தில் விழாவின் அடையாள அட்டை இன்னும் தொங்கியது. பிறகு எழுந்து அதைச் சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருக்கும் ஆணியில் மாட்டினாள். அங்கே ஏற்கெனவே பதின்மூன்று அட்டைகள் இருந்தன. கதவை முழுதாகத் திறக்க முடியவில்லை என்று பெரியம்மா தினமும் புலம்புவாள்.

அந்தப் பதினான்கு விழாக்களில் மூன்றுதான் பயணச் செலவைக் கொடுத்தன. மற்ற ஊர்களில் அக்கா யாராவது ஒருவர் வீட்டுச் சோபாவில் படுத்து, விழாக்காரர்கள் தரும் காலை உணவையே மதியத்துக்கும் பொட்டலம் கட்டிக்கொண்டு, ஒரே கேள்விகளுக்கு ஒரே பதில்களைச் சொல்லிவிட்டு வருவாள். மெக்சிகோவில் படமெடுப்பது ஆபத்தில்லையா என்று எல்லா ஊரிலும் கேட்பார்கள். ஆபத்தைவிட அலுப்புதான் அதிகம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாளாம். மொழிபெயர்ப்பாளர் அதை வேறு ஏதோவாக மாற்றிச் சொல்ல, அரங்கமே கைதட்டியதாம். ஊரில் இருக்கும் சனிக்கிழமைகளில், பதினைந்து வயது நிறையும் பெண்களுக்கு நடக்கும் விழாக்களைப் படம்பிடிப்பாள். வீட்டுச் சாப்பாடு அதில்தான் நடக்கிறது.

இத்தனை ஊர் சுற்றிய படத்தின் பெயர் 'இரண்டாம் தரம்'. பதினான்கு நிமிடம் ஓடும். அவகாடோப் பழங்களைப் பெட்டியில் அடைக்கும் கூடத்தில், பழம் தரம் பிரிக்கும் ஒரு பெண்ணின் கதை. நடித்தவர் தோன்யா ஒஃபேலியா. வயதில் மூத்தவர்களை, பெண் என்றால் தோன்யா, ஆண் என்றால் தோன் என்று மரியாதையாகக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். நிஜத்திலும் அவர் அந்தக் கூடத்தில்தான் இருபது வருடமாகத் தரம் பிரிக்கிறார். பள்ளி முடித்ததிலிருந்து நானும் அவருக்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன். கடைசிக் காட்சியில் அவர் ஒரு இரண்டாம் தரப் பழத்தை மேற்பார்வையாளர் மேல் எறிவார், தொப்பி பறக்கும். மேற்பார்வையாளராக வந்தது எங்கள் மேற்பார்வையாளர் ரூட்டிலியோவேதான். நடித்ததற்கு ஒஃபேலியா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: படத்தைத் தன் மக்தலேனா பேட்டையிலும் காட்ட வேண்டும். அக்கா வாக்குக் கொடுத்தாள்.

ஒன்றரை வருடமாகியும் காட்டவில்லை. காரணம், விழாக்களின் ஒரு விதி. நாட்டின் பெரிய விழாக்கள், மெக்சிகோவுக்குள் பொதுவில் எங்கேயும் காட்டாத படத்தைத்தான் போட்டிக்கு எடுக்கும். வெளிநாட்டில் எத்தனை முறை காட்டினாலும் பாதகமில்லை. அதனால் போலந்துக்காரர்கள் பார்த்த படத்தை ஒஃபேலியாவின் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கவில்லை. 'இதோ, இன்னும் கொஞ்ச நாள்' என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

போன ஜூன் மாதம், தலைநகரத்தில் நடக்கும் ஒரு பெரிய விழா படத்தைப் போட்டிக்கு எடுத்துக்கொண்டது. அங்கே ஜெயித்தால் முதல் முழுநீளப் படத்துக்குத் தயாரிப்பாளர் கிடைப்பார். ஒன்பது வருடமாக அக்கா ஓடுவது அதற்காகத்தான். விழா நடக்கும் அக்டோபர் வரை படத்தை நாட்டில் யாருக்கும் காட்டாமல் இருந்தால் போதும்.

ஆனால் அதே வருடம் மக்தலேனா பேட்டையின் ஜூலைத் திருவிழாப் பொறுப்பு ஒஃபேலியாவின் கணவர் தோன் எஃப்ராயினின் தலையில் விழுந்தது. பொறுப்பேற்பவர் பேட்டை முழுவதற்கும் விருந்து வைக்க வேண்டும், பேண்டு வாத்தியம் பிடிக்க வேண்டும், போன வருடத்துக்காரர் செய்யாத ஒன்றைச் செய்தும் காட்ட வேண்டும். போன வருடத்துக்காரர் காளைச் சவாரி வைத்திருந்தார். எஃப்ராயினிடம் இருந்தது மனைவி நடித்த படம். வீடு தேடி வந்து கேட்டார். இன்னொரு முறை 'இதோ' என்று சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. குடும்ப விருந்து மாதிரி வைத்துக்கொள்ளலாம், வெளியே சொல்லக் கூடாது, காட்சியைப் போட்டோ எடுக்கக் கூடாது என்று சொல்லிச் சம்மதித்தாள். தப்பு அங்கேதான். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், திருவிழாப் பொறுப்பேற்ற மனிதரிடம் சத்தமில்லாமல் செய்யச் சொன்னாள்.

எஃப்ராயின் போட்டோ எடுக்கவில்லை. பிளக்ஸ் அடித்தார். நான்கு மீட்டர். ஒரு பக்கம் ஒஃபேலியாவின் முகம், மறுபக்கம் புனித மக்தலேனா, கீழே மாட்டிறைச்சி சுரிபோ குழம்பு உண்டு என்ற அறிவிப்பு, உச்சியில் 'மெக்சிகோவிலேயே முதல் முறையாக'. அதன் படம் சிகாகோவிலிருக்கும் அவர் தங்கைக்குப் போனது. தங்கை பெருமையோடு பேஸ்புக்கில் போட்டாள். இரண்டே நாளில் அது தலைநகர விழாவின் தேர்வுக் குழுவிலிருந்த ஒரு பெண்ணின் கண்ணில் பட்டது.

திருவிழா அன்று மதியம் அந்தப் பெண் அக்காவுக்குப் போன் செய்தார். கோபப்படாமல் பேசியதுதான் அக்காவுக்குக் கஷ்டமாகிவிட்டது. காட்சி ரத்தாகிவிட்டது என்று மாலை ஆறு மணிக்குள் ஒரு வரி எழுதி அனுப்பினால், தான் அந்த பிளக்ஸைப் பார்க்கவே இல்லை என்று இருந்துவிடுவதாகச் சொன்னாராம்.

நானும் அக்காவும் மக்தலேனாவுக்குப் போனபோது மணி ஐந்து. மழை அப்போதுதான் விட்டிருந்தது. கூடைப்பந்துத் திடலில் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்து வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சுவரில் வெள்ளைத் துணி கட்டியாகிவிட்டது. ஒஃபேலியா முடியைச் சுருட்டி, நகத்துக்குச் சிவப்புப் பூசி நின்றார். எங்கள் கூடத்தில் நகப்பூச்சுக்குத் தடை. திங்கட்கிழமைக்குள் அவர் அதைச் சுரண்டி எடுத்தாக வேண்டும்.

அக்கா எதையும் மறைக்காமல் சொன்னாள். ஒஃபேலியா குறுக்கிடாமல் கேட்டார்.

"நிறுத்தணும்னா நிறுத்திடு கண்ணு. புரொஜெக்டர் புகைஞ்சிடுச்சுன்னு அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். பிறகு, "ஒண்ணு மட்டும் சொல்லு. அந்தப் போலந்துல, தொப்பி பறக்குறப்ப சிரிச்சாங்களா?"

"இல்ல தோன்யா."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர் எந்திரிச்சு, அந்தத் தொப்பி அரசாங்கத்தக் குறிக்குதான்னு கேட்டாரு."

"நம்ம ரூட்டிலியோ தொப்பியா?"

ஒஃபேலியா திரும்பி முதல் வரிசையைப் பார்த்தார். ரூட்டிலியோ இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்து, தொப்பியோடு இடம்பிடித்து உட்கார்ந்திருந்தார். அவர் தொப்பியைக் கழற்றி, படம் எடுத்தவர்களைத் தவிர யாரும் பார்த்ததில்லை.

அக்கா ஒரு ஈர நாற்காலியில் போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்தாள். எழுத வேண்டியது ஒரே வரி. அதைப் பாதி எழுதி அழித்ததைப் பார்த்தேன். ஐந்தே முக்காலுக்கு எஃப்ராயின் வந்து, ஆவி பறக்கும் சுரிபோக் கிண்ணத்தை அவள் மடியில் வைத்துவிட்டுப் போனார். போனை வைக்க இடமில்லாமல் அக்கா அதை என்னிடம் கொடுத்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவள் போலக் குனிந்து சாப்பிட்டாள். நிமிர்ந்தபோது ஆறேகால். மணி என்ன என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இருட்டத் தொடங்கியதும் படம் ஓடியது. முதல் ஷாட்டிலிருந்தே அது யார் கை, இது யார் பூட்ஸ் என்று எல்லோரும் பேசிக்கொண்டே பார்த்தார்கள். தொப்பி பறந்தது. அடியில், தலையில் ஒரு முடிகூட இல்லை.

பின்வரிசையிலிருந்து யாரோ சொன்னார்: "எவ்ளோ வழுவழுன்னு இருக்கு. இது ஏத்துமதி ரகம்டா."

அதற்குப் பிறகு சிரிப்புச் சத்தத்தில் வசனம் எதுவும் கேட்கவில்லை. ரூட்டிலியோ தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார், ஆனால் எழுந்து போகவில்லை. இரண்டு முறை திரும்பப் போடச் சொன்னார்கள். அக்கா ஜெனரேட்டர் பக்கத்தில் சாய்ந்து நின்று பார்த்தாள். மூன்றாவது முறை அவள் கண் மூடியிருந்தது.

திங்கட்கிழமை தலைநகரத்திலிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது. படத்தைப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவள் துணிச்சலாக ஒரு காரியம் செய்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன், அதை அவளிடம் சொன்னேன்.

"துணிச்சலெல்லாம் இல்லடா. நாற்காலியெல்லாம் திருப்பி அடுக்குங்கன்னு சொல்லத் தெம்பு இல்ல, அவ்வளவுதான்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் வழக்கம்போல ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் விழாவைப் படம்பிடிக்கப் போனாள். எஃப்ராயின் அந்த பிளக்ஸைக் கொண்டுவந்து எங்களுக்கே கொடுத்துவிட்டார். பெரியம்மா அதைத் துணி துவைக்கும் இடத்தில் கூரையாகக் கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை அக்கா அதன் கீழே உட்கார்ந்து ஏதோ ஒரு சின்ன விழாவுக்கு விண்ணப்பம் நிரப்பினாள். நாட்டில் படம் முதலில் காட்டப்பட்டது எங்கே என்று ஒரு கட்டம் இருந்தது. 'மக்தலேனா, கூடைப்பந்துத் திடல்' என்று தட்டினாள். அடுத்த கட்டம் விருதுகளுக்கானது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு அப்படியே தாண்டிப் போனாள்.