பால் பொங்கிய விறகுக் கொட்டகை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், கல்யாணமாகி நான் மாமல்லபுரத்துக்கு வந்த புதிதில், எங்கள் மளிகைக் கடைக்கு எதிரே இருந்த கல்மண்டபத்தில் ஓர் அக்கா குடியிருந்தாள். நெல் குத்தி, மாவிடித்துப் பிழைத்தாள். யார் கேட்டாலும், "வூடு இன்னாத்துக்கு? இங்க காத்தாட கீது" என்பாள். ஊரும் அதைச் சந்தோஷமாக நம்பியது. நம்பிவிட்டால் யாரும் இடம் தர வேண்டியதில்லை பாருங்கள்!

ஐப்பசி மழை தொடங்கும் நேரத்தில், மண்டபத்தில் இனி யாரும் தங்கக்கூடாது என்று காவல்காரர் சொல்லிவிட்டார். அவளுக்குப் போக்கிடமில்லை. எங்கள் கொல்லையில் இருந்த விறகுக் கொட்டகையைக் காலி செய்து, நானே பெருக்கிப் பாய் விரித்துக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"மழையிலயும் காத்தையே கட்டிகினு படு, போ!" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "எங்கண்ணன் வூட்லயும் பாயி போட்டாங்க, தங்கச்சி. உன் வூட்டு வழியா வந்து, நீ போட்றத துன்னுட்டு, நீ எழுப்பினா எழுந்துக்கணும். அதுக்கு மண்டபமே தேவலாம். பாலு காச்ச எனக்குன்னு ஒரு அடுப்பு கீதா அங்க?"

புது வீட்டில் முதலில் பால் காய்ச்சுவது எங்கள் முஸ்லிம் குடும்பங்களிலும் உண்டு. மண்டபம் அவளாகத் தேர்ந்தெடுத்ததுதான், பொய்யில்லை. ஆனால் அதைவிட்டால் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் அடுத்தவர் வீடுதானே?

என் கணவர் முணுமுணுத்துக்கொண்டே கொட்டகையின் சந்துப் பக்கச் சுவரை இடித்து அவளுக்கென்று தனிக் கதவு வைத்தார். உள்பக்கம் தாழ்ப்பாளும் போட்டார். அடுப்பை அவளே மண் குழைத்துப் போட்டாள். பால் பொங்கி வழிந்தபோது தெருவே வந்து நின்றது. ஆளுக்கொரு வாய் கொடுத்தாள்.

மறுநாள் மழை கொட்டியது. மீன் குழம்போடு போனவள், என் வீட்டுக் கொட்டகைதானே என்று கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்துவிட்டேன்.

"இன்னா தங்கச்சி, வூட்ல ஆளு கீதான்னு ஒரு குரல் குடுக்க மாட்டியா?" என்றாள்.

மறுபடி வெளியே வந்து, நனைந்துகொண்டே, "அக்கா, உள்ள வரலாமா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் இரு."

சாவகாசமாகத் தலையை அள்ளி முடிந்துகொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பும் சந்தோஷமும் தாங்கவில்லை. குழம்புச் சட்டியை முந்தானையால் மூடிக்கொண்டு, அவள் கூப்பிடும் வரை வாசலிலேயே நின்றேன்.