எருமையிடம் சொன்ன சேதி

என் ஓரகத்தியோடு நான் பேச்சை நிறுத்தியது நிலத்துக்காக இல்லை, நகைக்காகவும் இல்லை. ஒரு நீலப் பைக்காக. வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து எழுதுகிற வேலைக்கு எங்கள் ஊரில் ஒரு பெண்ணை எடுத்தார்கள். நானும் எழுதிப் போட்டேன், என் கொழுந்தனார் மனைவியான அவளும் எழுதிப் போட்டாள். அவள் பிளஸ் டூ. நான் பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவள். அந்த வேலைக்குக் கொடுக்கிற நீலப் பை அவள் தோளில் ஏறியது.

இந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்து ஆறு வருஷம் கழித்து வந்தவள் அவள். ஆனால் இளம்பிள்ளை சந்தைக்குப் பஸ் ஏற நான் நின்றால் தறிப் பட்டறைப் பெண்கள் என்னை நிறுத்தி, உங்க ஓரகத்தி இன்னைக்கு வருவாங்களா என்று கேட்பார்கள். நான் என்ன அவளுக்கு எடுபிடியா? வயிறு பற்றிக்கொண்டு எரியும். போகிற வீட்டில் எல்லாம் அவளுக்கு மோர். ஒரு வீட்டில் முருங்கைக்காய் ஒடித்துக் கொடுப்பார்கள், அன்றைக்கு மத்தியானம் அந்தக் குழம்பு வாசம் சுவர் தாண்டி என் அடுப்படிக்கு வரும். நான் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வேன்.

பாகம் பிரித்தபோது வீட்டைப் பிரித்தார்கள், காட்டைப் பிரித்தார்கள். மாடு கட்டுகிற கட்டுத்தரையை மட்டும் பிரிக்க முடியவில்லை. காலையில் நான் என் எருமைக்குத் தீனி வைக்கையில் அவள் தன் மாட்டுக்குச் சாணி வழிப்பாள். பேச்சு நின்றாலும் சேதி நிற்காது அல்லவா? எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட சேதியை மாட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். கேட்க வேண்டியவர் காதில் விழுந்தால் போதும்.

ஒரு நாள் அவள் என் எருமையைப் பார்த்துச் சொன்னாள், முப்பது வயசு தாண்டின பொம்பளைங்க எல்லாரும் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரவேண்டுமாம், புற்றுநோய் இருக்கிறதா என்று மார், வாய், கர்ப்பப்பை வாய் மூன்றையும் பார்ப்பார்களாம், பார்ப்பது நர்சம்மாதானாம், கூச்சப்பட ஒன்றுமில்லையாம். நானும் எருமையைத் தட்டிக் கொடுத்து, பால் கறக்கிற உனக்கு எதுக்கடி ஆஸ்பத்திரி, புண்ணாக்குத் தின்னு என்றேன். அடுத்த மாதமும் சொன்னாள். அதற்கடுத்த மாதமும். எருமைக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.

நான் ஏன் போகவில்லை என்று மறைக்காமல் சொல்கிறேன். போனால் அவள் நோட்டில் என் பெயருக்கு நேராக ஒரு டிக் விழும். பட்டியலை முடித்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரியில் நடக்கிற மாதக் கூட்டத்தில் அவளைப் பாராட்டுவார்கள். அந்த ஒரு டிக்கை நான் அவளுக்குத் தருவதாக இல்லை. தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆனால் சரி என்பார்களே, அந்த மூக்கு என்னுடையது.

ஏனென்றால் அவள் முதல்முறை சொன்ன வாரத்திலேயே, குளிக்கும்போது என் இடது மாரில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. நிலக்கடலைப் பருப்பு அளவு. வலி இல்லை. வலிக்காதது என்ன செய்துவிடும் என்று ரவிக்கையைப் போட்டுக்கொண்டேன். வீட்டுக்காரர் போர் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்தார். போனில் சொல்கிற விஷயமா அது? நாலாவது மாதம் கட்டி கொட்டைப்பாக்கு அளவு ஆனது. அப்போதும் எனக்குப் பயத்தைவிட ரோஷம்தான் பெரிதாக இருந்தது.

அன்றைக்குக் காலை அவள் பையை மாட்டிக்கொண்டே சாணி வழித்துக்கொண்டிருந்தாள். புதுச் செருப்பு வேறு போட்டிருந்தாள். அதைப் பார்த்து எரிச்சல் வந்தது, எரிச்சலோடு அழுகையும் வந்தது. எருமையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏ எருமை, எனக்கு மாருல ஒரு கட்டி இருக்குது. நாலு மாசமாச்சு. நான் ஆருகிட்டப் போயிச் சொல்லுவேன்?"

சாணி வழிக்கிற சத்தம் நின்றது. அவள் எருமையைப் பார்க்கவில்லை. ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம் என்னை நேராகப் பார்த்தாள்.

"அக்கா, சீலைய மாத்திக்கிட்டு வாங்க. இப்பவே போலாம்."

மாட்டை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினோம். முதலில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரி, அங்கிருந்து சேலம் பெரிய ஆஸ்பத்திரி. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுதான், ஆனால் இன்னும் வேறெங்கும் பரவவில்லை என்றார் டாக்டரம்மா. அங்கேயும் எந்தச் சீட்டை எந்த ஜன்னலில் கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நர்சுகள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். மாரில் கட்டியோடு உட்கார்ந்துகொண்டு அதற்கும் நான் பொருமினேன்.

ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள், அவள் டீ வாங்கப் போனபோது கட்டிலில் கிடந்த நீலப் பையைத் திறந்து நோட்டை எடுத்தேன். என்னதான் எழுதுகிறாள் என்று பார்க்க வேண்டும் எனக்கு. எங்கள் தெருவுக்கான பக்கத்தில், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்கு நேராக டிக் இருந்தது. வராத இரண்டு மூன்று பேருக்கு நேராக 'மறுத்தார்' என்று எழுதியிருந்தது. என் பெயருக்கு நேராக நாலு மாதமும் வெறும் கட்டம்.

டீயோடு வந்தவளிடம் கேட்டேன். சொந்த வீட்டு ஆளையே கூட்டி வர முடியலையா என்று மாசா மாசம் கூட்டத்தில் பேச்சு வாங்கினாளாம். பிறகு ஏன் எனக்கும் 'மறுத்தார்' என்று எழுதவில்லை என்றேன்.

"மறுத்தாருன்னு எழுதீட்டா அதோட முடிஞ்சுதுங்க்கா. மறுபடி போயிக் கூப்புட வேண்டியதில்ல. காலியா இருந்தாத்தான் அடுத்த மாசமும் உங்களக் கேக்கலாம்."

டீயை ஆற்றிக் கையில் கொடுத்தாள். நான் குடித்தேன். அப்போதும் எனக்கு வந்தது பொறாமைதான். அந்தப் பை என் தோளில் இருந்திருந்தால், முதல் மாதமே அவள் பெயருக்கு நேராக 'மறுத்தார்' என்று எழுதியிருப்பேன்.