இரண்டாவது பந்து

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது நானும் என் தோழியும் தினமும் பேருந்தில் விளையாடிக்கொண்டே போவோம். என் வீடு சின்ன காஞ்சிபுரத்தில், வரதர் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. அப்பா ஸ்கூல் வாத்தியார். அவள் வீடு பெரிய காஞ்சிபுரத்தில்; அவள் அப்பாவுக்குச் சரிகை வியாபாரம். கல்லூரிப் பேருந்தில் நான் முதலில் ஏறி, ஜன்னலோரத்தில் புத்தகப் பையை வைத்து அவளுக்கு இடம் பிடிப்பேன். அவள் ஏறியதும் இருவரும் டப்பாவைத் திறப்போம். முசரவாக்கம் தாண்டும்வரை யாரும் எங்களிடம் பேச முடியாது.

டப்பா என்று நாங்கள் சொன்னது மடித்து மூடும் கையடக்க விளையாட்டுக் கருவி. அவளுடையதை அவள் சாச்சா, அவள் அப்பாவின் தம்பி, சவூதியிலிருந்து கொண்டுவந்தார். என்னுடையது அமெரிக்காவிலிருக்கும் அத்தை பிள்ளை ஆடிச் சலித்துப்போய்க் கொடுத்தது. இரண்டிலும் ஒரே விளையாட்டு. ஊர் ஊராகப் போய், காட்டிலும் குகையிலும் எதிர்ப்படும் விசித்திரப் பிராணிகளைப் பந்து எறிந்து பிடித்துச் சேர்க்க வேண்டும். சாதாரணப் பந்தில் பிராணி சில சமயம் மாட்டும். பல சமயம் உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். கதையின் நடுவில் மட்டும் ஒரு விசேஷப் பந்து தருவார்கள். மாஸ்டர் பால். எறிந்தால் தப்பவே தப்பாது, எப்பேர்ப்பட்ட பிராணியாக இருந்தாலும். ஓர் ஆட்டத்துக்கு ஒன்றுதான். எந்தக் கடையிலும் கிடைக்காது. நாங்கள் ஓயாமல் அதைப் பற்றிப் பேசுவதைக் கேட்ட என் அம்மா ஒருநாள், "அது எந்தக் கம்பெனி பாலுடி, புதுசா வந்திருக்கா?" என்று கேட்டாள்.

எனக்குக் கிடைத்த பந்தை நான் வீணாக்கிவிட்டேன். குகைக்குள் அடிக்கொரு தரம் வந்து மோதும் அற்ப வௌவால் ஒன்றைப் பிடிக்கப்போய், அவசரத்தில் பையிலிருந்து தப்பான பந்தைத் தொட்டுவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

"உன் வௌவாலுக்கு ராஜ மரியாதபா," என்றாள்.

அவள் தன்னுடையதைத் தொடவே இல்லை. கதை முழுவதும் முடித்த பிறகும் அந்தப் பந்து அவள் பையில் அப்படியே இருந்தது. எதற்கு வைத்திருக்கிறாய் என்று கேட்டால், "இருக்கட்டுமே," என்பாள்.

நான்காம் செமஸ்டர் பரீட்சைக்கு முன் படிப்பு விடுமுறை விட்டார்கள். ஒருநாள் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஆட்டத்தை முதலிலிருந்து ஆடப்போவதாகச் சொன்னாள். அதில் ஒரே ஓர் ஆட்டத்தைத்தான் சேமித்து வைக்க முடியும். புதிதாகத் தொடங்கினால் பழையது அழிந்துபோகும்.

"இவ்ளோ நாள் ஆடினதெல்லாம் போயிடுமே," என்றேன்.

"போவட்டும்பா. முக்கியமானதுங்கள மட்டும் உன் டப்பாவுக்கு அனுப்பிடறேன். நீ வெச்சிக்கினு இரு. புது ஆட்டத்துல கொஞ்ச தூரம் போயிட்டு வாங்கிக்கறேன்."

இரண்டு டப்பாவையும் பக்கத்தில் வைத்தால் பிராணிகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பலாம். அவள் நான்கை அனுப்பினாள். நான்காவது ஓர் அணில் குஞ்சு மாதிரி இருந்தது. அதன் கையில் அந்தப் பந்தைக் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

"இது அமானத்து," என்றாள்.

"அப்படின்னா?"

"எங்க அம்மி சொல்லுவாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க ஊருக்குப் போனா சாவிய எங்ககிட்ட குடுத்துட்டுப் போவாங்க இல்ல? அது அமானத்து. நம்மளுது இல்ல. ஆனா நம்மகிட்ட இருக்குது."

எதற்காக மறுபடி ஆடுகிறாய் என்று கேட்டேன். "அப்புறம் சொல்றேன்," என்று சிரித்தாள்.

நான்கு நாள் நான் அந்த அணிலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் புத்தகத்தை மடியில் வைத்தபடி டப்பாவை எடுத்தேன். என் ஆட்டத்தில் நான் பல மாதங்களாகத் துரத்திக்கொண்டிருந்த பிராணி ஒன்று உண்டு. வெள்ளைப் பிடரியோடு மான்போல இருக்கும். எங்கே எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் ஒரு பந்து எறிய நேரம் தரும். அடுத்த நொடி ஓடிவிடும். அன்று ஒரே மதியத்தில் மூன்று முறை வந்தது, மூன்று முறையும் ஓடியது. அடுத்த தெருவில் தறி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அணிலைத் திறந்து அதன் கையிலிருந்த பந்தை என் பைக்கு மாற்றினேன். சும்மா மாற்றி வைப்போம், எறியப்போவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலாம் முறை மான் வந்தபோது எறிந்துவிட்டேன்.

பிராணி உள்ளே திமிறிப் பந்தை ஒரு முறைகூட ஆட்டவில்லை. பிடித்தாகிவிட்டது.

அப்போதும் ஒரு வழி இருந்தது. சேமிக்காமல் டப்பாவை அணைத்திருந்தால், எறிந்தது எறியாததாகி, பந்து அணில் கையிலேயே இருந்திருக்கும். அது எனக்குத் தெரியும். ஒரு நிமிடம் போல யோசித்தேன். பிறகு சேமித்தேன். ஏதோ அவசரத்தில் கை தவறிச் செய்துவிட்டேன் என்று வௌவால் விஷயத்தில் சொல்லலாம். இதில் சொல்ல முடியாது.

பிடித்த பிராணியின் பக்கத்தைத் திறந்தால், எந்தப் பந்தால் பிடித்தது என்று மூலையில் சின்னப் படம் தெரியும். மானின் பக்கத்தில் ஊதா நிறப் பந்து இருந்தது. வௌவாலின் பக்கத்திலும் அதேதான். ஓர் ஆட்டத்துக்கு ஒன்றே கிடைக்கும் பந்தின் படம் என்னிடம் இரண்டு இடத்தில் இருந்தது. மானை வெளியே விட்டுவிட்டால் தடயம் போய்விடும் என்று தோன்றியது. அதற்கான இடம்வரை போனேன். 'நிச்சயமாக விட்டுவிடவா?' என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். அவ்வளவு கஷ்டப்பட்டுப் பிடித்ததை விட மனம் வரவில்லை. கஷ்டப்பட்டது யார் என்று அப்போது நினைக்கவில்லை.

பரீட்சை முடிந்து கல்லூரி திறந்த முதல் வாரம், பேருந்தில் ஏறியதும் அவள் டப்பாவை நீட்டிக் காட்டினாள். புது ஆட்டத்தில் அந்தக் கட்டம்வரை வந்துவிட்டிருந்தாள். பையில் மாஸ்டர் பால்.

"இப்பப் புரியுதா?" என்றாள். "இங்க ஒண்ணு, உங்கிட்ட ஒண்ணு. ரெண்டாச்சு. நீதான் உன்னுத வௌவாலுக்குப் போட்டுட்டியே, இனிமே ஆளுக்கு ஒண்ணு. அந்த மான நீ பிடிச்சிக்கோபா."

அதற்காகத்தான் தன் பழைய ஆட்டத்தை முழுவதும் அழித்திருக்கிறாள். நான்கு பிராணிகளையும் திருப்பி அனுப்பினேன். அவள் அணிலைத் திறந்து பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"பந்து இல்லையேபா."

"இல்லையா?" என்றேன். என் குரல் எனக்கே இயல்பாகத்தான் ஒலித்தது. "நான் தொறந்தே பாக்கல. அன்னைக்கு அனுப்பும்போது நடுவுல ஒரு தரம் கட் ஆச்சு இல்ல? அப்பப் போயிருக்குமோ என்னவோ."

உண்மையிலேயே அன்று ஒருமுறை இணைப்பு அறுந்து, திரும்ப அனுப்பினோம். அது எனக்கு வசதியாகப் போயிற்று. அவள் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தாள். பிறகு, "சரி விடு, இது ஒண்ணு இருக்குது இல்ல. யாருக்கு அவசரமோ அவங்க எடுத்துக்கலாம்," என்றாள்.

அதோடு முடிந்திருந்தால்கூட நான் மறந்திருப்பேன். ஒரு வாரம் கழித்து அவள் தன் செல்போனைக் கொண்டுவந்து காட்டினாள். இந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து பேசிக்கொள்ளும் இணையக் குழுமம் ஒன்றில், அனுப்பும்போது பொருள் தொலையுமா என்று கேட்டிருந்தாள். கீழே பத்துப் பன்னிரண்டு பதில்கள். எல்லாரும் ஒன்றையேதான் சொல்லியிருந்தார்கள். இணைப்பு அறுந்தால் பிராணி அனுப்பியவரிடமே இருக்கும், பொருள் மட்டும் தனியாகத் தொலையவே தொலையாது. உன் தோழி எடுத்துவிட்டாள். ஒருவர் 'புதுத் தோழியைத் தேடு' என்று எழுதி, சிரிக்கும் முகம் போட்டிருந்தார்.

"இதுங்களுக்கு எவ்ளோ திமிரு பாத்தியா?" என்றாள். "எப்படித் திட்டியிருக்கேன் படி."

படித்தேன். ஆங்கிலத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதியிருந்தாள். 'அவளை உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவள் வாய்விட்டுக் கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன். அவளுக்குத் திருட வேண்டிய அவசியமே இல்லை.' முகம் தெரியாதவர்களோடு இரண்டு நாள் சண்டை போட்டிருக்கிறாள். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். பேருந்து நிறையக் கூட்டம், எல்லாரும் கேட்பார்கள் என்று ஒரு சாக்கு கிடைத்தது. நான் சிரித்தேன். "விடுபா, வேல இல்லாதவங்க," என்றேன்.

அதற்குப் பிறகு என் டப்பாவை அவளிடம் கொடுப்பதை நிறுத்தினேன். கேட்டால் சார்ஜ் இல்லை என்பேன், வீட்டில் வைத்துவிட்டேன் என்பேன். கடைசியில் ஆட்டமே விட்டுப்போய்விட்டது என்றேன். அவள் தனியாக ஆடிக்கொண்டு வந்தாள். பிறகு அவளும் விட்டுவிட்டாள்.

படிப்பு முடிந்து அவளுக்கு நிக்காஹ் ஆயிற்று. முதல் நாளே போய்க் கூட இருந்தேன். கணவரோடு ஓசூருக்குப் போய் அங்கேயே வேலையும் தேடிக்கொண்டாள். நான் ஊரிலேயே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சரானேன். வாரம் ஒருமுறையாவது பேசுவோம். மாமியார் சங்கதியிலிருந்து மேனேஜர் சங்கதிவரை எல்லாவற்றையும் எனக்குத்தான் முதலில் சொல்வாள்.

போன கோடை விடுமுறையில் ஐந்து வயது மகளோடு ஊருக்கு வந்தவள், ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் காப்பி கலக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது என் டப்பா குழந்தையின் கையில் இருந்தது, சார்ஜர் செருகியபடி.

"கொழந்த போரடிக்கறதுன்னாள். அலமாரில இருந்துதே, நான்தான் எடுத்துக் குடுத்தேன்," என்றாள் அம்மா.

தோழி மகளின் தோளுக்கு மேலாகக் குனிந்து, ஒவ்வொரு பிராணியாகத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள். "இது ஆன்ட்டியோட வௌவாலு, இதுக்குப் பெரிய கத இருக்குது," என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. நான் டம்ளர்களோடு நின்றேன். அவள் விரல் அடுத்ததற்குப் போயிற்று. மான். கொஞ்ச நேரம் பார்த்தாள். திரும்ப வௌவாலுக்குப் போனாள். திரும்ப மானுக்கு வந்தாள். பிறகு டப்பாவை மெல்ல மூடி மேஜைமேல் வைத்தாள்.

காப்பியைக் குடித்தாள். அம்மாவிடம் முட்டி வலியைப் பற்றி விசாரித்தாள். கிளம்பும்போது தெருமுனைவரை நான் கூடப் போனேன். குழந்தை எங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

"நீதான் எடுத்தியா?" என்றாள்.

"ஆமா."

"பந்து போனா போவுது. அது ஒரு கேமு." நின்றாள். "அத்தினி பேருகிட்ட உனக்காகச் சண்ட போட்டுக்கினு இருந்தேன். பக்கத்துல உக்காந்து படிச்சிட்டுச் சிரிச்சியே நீ."

"சாரிபா," என்றேன். அந்த வார்த்தை தெருவில் அப்படியே விழுந்து கிடந்த மாதிரி இருந்தது.

"எப்ப சொல்லலாம்னு இருந்த?"

யோசித்தேன். ஒரு பொய் சொல்லலாம். நாக்கு நுனிவரை வந்தது. "சொல்லணும்னே நெனைக்கல," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கோபமாகக்கூட இல்லை, தெரியாத ஒருவர் சொன்ன விலாசத்தைக் கேட்டுக்கொள்கிற மாதிரி. ஆட்டோவை நிறுத்தி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் அந்தக் குழுமத்தைத் தேடினேன். அவள் எழுதியது அத்தனையும் அப்படியே இருந்தது. அடியில், நீங்கள் எல்லாரும் சொன்னது சரி, எடுத்தது நான்தான் என்று எழுத நினைத்தேன். பழைய பேச்சு என்று அதை மூடிவிட்டிருந்தார்கள். யாரும் புதிதாக எழுத முடியாது. அதனால் அவளுக்கே எழுதினேன். நீளமாக, சேமித்தது உட்பட எதையும் விடாமல். இரண்டு நாள் கழித்து 'சரிபா' என்று மட்டும் பதில் வந்தது.

சண்டை என்று எதுவும் இல்லை. ரம்ஜானுக்கு நான் வாழ்த்து அனுப்புகிறேன். தீபாவளிக்கு அவள் அனுப்புகிறாள். கூப்பிட்டால் எடுக்கிறாள், குழந்தை படிப்பதைச் சொல்கிறாள், அம்மா முட்டி எப்படி என்று கேட்கிறாள். இரண்டு மாதம் முன்பு கடைத்தெருவில் அவள் அப்பாவைப் பார்த்தேன். பேச்சுவாக்கில், மகள் வேலையை விட்டுவிட்டாள், உடம்பு சரியில்லாமல் இருந்து இப்போதுதான் தேறியிருக்கிறாள் என்றார். "உனக்குத் தெரியாததாம்மா?" என்றார்.

தெரியும் என்பது போலத் தலையாட்டிவிட்டு வந்தேன்.