ஒரு நீளம், இரண்டு குட்டை

நீளமாக ஒரு "பீப்", பிறகு குட்டையாக இரண்டு. திரையில் மட்டும் ஒன்றும் வராது. எனக்குப் பதினான்கு வயதில், மலேசியாவின் கோத்தா திங்கி ஊரில், எங்கள் வீட்டின் முன்னறையில் ஒரு வாரம் முழுக்கக் கேட்ட சத்தம் அது. பாசிர் கூடாங் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டரை, அங்கே வேலை செய்த அப்பா, கம்பெனி பஸ்ஸில் மடியில் வைத்து எனக்காகக் கொண்டுவந்திருந்தார். அம்மா உடனே கெடு வைத்தார்: "ஞாயித்துக்கிழம பழைய பேப்பர் லோரி வரும். அதுக்குள்ள ஓடலன்னா தூக்கிப் போட்ருவேன்லா."

சத்தத்தின் பொருள் கேட்டு, சைபர் கஃபேயில் உட்கார்ந்து ஓர் இணைய மன்றத்தில் எழுதினேன். மூன்று மேதைகள் பதில் சொன்னார்கள். முதலாமவர், கேட்பதற்கு முன் தேடு என்றார். இரண்டாமவர், புதிது வாங்கு என்றார். மூன்றாமவர் தனக்கும் இதே கோளாறு வந்ததாகவும் சரிசெய்துவிட்டதாகவும் எழுதி, எப்படி என்பதை மட்டும் சொல்லாமல் போனார்.

நான்காவது மேதை பக்கத்து வீட்டில் இருந்தார். மூன்று மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனதால் எங்கள் "தாமானுக்கே", அதாவது குடியிருப்புக்கே, அவர்தான் நிபுணர்.

"ஈரம்மா, ஈரம். வெள்ளத்துல நனைஞ்ச ஹேண்ட்போன எப்படிக் காப்பாத்துனேன்? அரிசியில போடு."

"இது நனையவே இல்ல அங்கிள்."

"காத்துல ஈரம் இருக்குல்ல?"

அப்பா தலையாட்டினார். கம்ப்யூட்டருக்குள்ளிருந்து கழற்றிய கார்டுகள் இரண்டு நாள் அரிசி டின்னுக்குள் கிடந்தன.

சனிக்கிழமை மன்றத்தின் பழைய பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, யாரோ ஏற்றிவைத்திருந்த அந்த மதர்போர்டின் கையேட்டைக் கண்டுபிடித்தேன். டிஸ்ப்ளே கார்டு சரியாகப் பொருந்தவில்லை, அவ்வளவுதான் விஷயம். மறுநாள் காலை கார்டில் ஒட்டியிருந்த அரிசி மாவைத் துடைத்து, அதன் விளிம்பைப் பள்ளி அழிப்பானால் தேய்த்து, அழுத்திச் செருகினேன். லாரியின் ஒலிபெருக்கி தெருமுனையில் கேட்டபோது திரையில் வெளிச்சம் வந்தது.

"பாத்தீங்களா, அரிசி வேல செய்யும்னு சொன்னேன்ல" என்றார் வேலிக்கு அப்பாலிருந்து அங்கிள். அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார் அப்பா. கலக்கியது நான்.

செய்ததை ஏழு படிகளாக மன்றத்தில் எழுதிவைத்தேன். அந்த மன்றத்தை மூடிப் பல ஆண்டுகளாகின்றன. ஏழு படிகளும் அதோடு போயின. சைபர் கஃபே இருந்த இடத்தில் முடிவெட்டும் கடை இருக்கிறது. அரிசி வைத்தியம் மட்டும் எங்கள் தெருவில் நலமாக இருக்கிறது.

போன மாதம் வீட்டில் வைஃபை நின்றது. ஜோகூர் பாருவில் கம்ப்யூட்டர், நெட்வொர்க் பழுதுபார்ப்பதையே சம்பளத்துக்குச் செய்யும் நான் சோபாவில் உட்கார்ந்திருக்க, அப்பா வேலியோரம் போய் அங்கிளைக் கூப்பிட்டார். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வருவதற்குள் நான் எழுந்து சரிசெய்தேன்.

"அங்கிள் வர்றாருன்னதும் தானா வந்துடுச்சு பாரு" என்றார் அப்பா.