ஊதிப் புடைத்த முட்டைகள்

சென்ற வாரம் கம்பு மாவு டப்பாவைத் திறந்தபோது, சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சி எழுந்து அடுக்களைச் சுவரில் போய் உட்கார்ந்தது. வேறு வீடாக இருந்தால் மாவைக் கொட்டிவிட்டு டப்பாவை வெயிலில் கவிழ்த்திருப்பார்கள். நான் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தேன். கம்பின் மெல்லிய இனிப்புக்கு அடியில், நூலாம்படையும் பழஞ்சாக்கும் கலந்தது போன்ற அந்த வாசனை இருந்தது. இதை முகர்ந்து கண் கலங்குகிற பெண் இந்தக் கள்ளக்குறிச்சியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் கணவர் எட்டிப் பார்த்து, "இன்னா, மாவு கெட்டுப்போச்சா?" என்றார். ஆமாம் என்றேன். காலை அவசரத்தில் அவருக்கு அதற்குமேல் சொல்லத் தோன்றவில்லை. உங்களிடம் நிதானமாகச் சொல்லலாம்.

அது அந்துப்பூச்சி. மற்றவர்கள் விரட்டுகிற அந்தப் பூச்சியை வளர்ப்பதுதான் நான் பார்த்த முதல் வேலை. விலங்கியல் படித்தவளுக்குப் புலி கிடைக்காவிட்டாலும் புழுவாவது கிடைத்ததே என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வடக்கனந்தல் போகும் சாலையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேய்ந்த நீளமான கொட்டகை ஒன்றில் அந்த வேலை நடந்தது. வாசலில் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. உள்ளே வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் பேசின்கள். ஒவ்வொன்றிலும் உடைத்த கம்பு. அதைத் தின்று பருத்த புழுக்கள், நூல் கட்டிக் கூடாகி, பிறகு பூச்சியாகி, மேலே கட்டிய துணியின் அடிப்புறத்தில் அப்பியிருக்கும்.

எங்களுக்கு வேண்டியது பூச்சி அன்று, அதன் முட்டை. கரும்பைத் துளைக்கிற புழுவை அது முட்டையாக இருக்கும்போதே முடித்துவிடும் குளவி ஒன்று இருக்கிறது. குளவி என்றதும் கையை உதறாதீர்கள். இந்த எழுத்துகளின் மேலிருக்கும் புள்ளியைவிட அது பெரிதில்லை. துளைப்பானின் முட்டைக்குள் அது தன் முட்டையை இட்டுவிடும். அந்த முட்டையிலிருந்து புழு வராது, குளவிதான் வரும். துளைப்பானின் முட்டையைக் கரும்புத் தோகைகளில் தேடிச் சேர்க்க முடியுமா? அதனால் குளவிக்கு அந்துப்பூச்சியின் முட்டைகளைக் கொடுத்து ஏமாற்றினோம். அவற்றை அட்டையில் ஒட்டிக் குளவிகளோடு அடைத்து வைத்தால், மூன்று நான்கு நாட்களில் வெள்ளை முட்டைகள் கறுத்துவிடும். கறுத்த அட்டையைத் துண்டுகளாக வெட்டிக் கரும்புக்காரர்களிடம் கொடுப்போம். அவர்கள் தோகையின் அடிப்புறத்தில் பின்னடித்து வைப்பார்கள்.

அட்டையில் முட்டை ஒட்ட வேண்டுமானால் அது சுத்தமாக இருக்க வேண்டும். பூச்சிகளை அடைத்த டப்பாவின் வலைவழியே முட்டையோடு சேர்ந்து இறக்கைச் செதிலும் கொட்டும். தொட்டால் திருநீறுபோல விரலில் ஒட்டும். அதைத் தூரிகையால் தள்ளிச் சல்லடையில் சலிப்பதுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முறை. அரை நாள் பிடிக்கும். சலித்த பிறகும் முட்டை அழுக்காகத்தான் கிடக்கும்.

அந்தக் கொட்டகைக்குத்தான் அலமேலு அக்கா வந்தாள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் அவளுடைய ஊர். கணவர் செங்கல் சூளை வேலைக்கு இறங்கியபோது அவளும் இறங்கி வந்திருந்தாள். என்னைவிடப் பன்னிரண்டு பதின்மூன்று வயது பெரியவள். ஆனாலும் நான் அவளுக்கு மேற்பார்வை. நாலு பேர் இருந்தால் என்னை 'மேடம்' என்பாள், இல்லாவிட்டால் 'பாப்பா'.

வந்த இரண்டாம் நாளே சல்லடையை ஓரமாக வைத்துவிட்டாள். பழைய காலண்டர் தாள் ஒன்றை எடுத்து, மூன்று பக்கமும் மடித்து, சின்ன முறமாக்கினாள். வழவழப்பான பக்கத்தில் முட்டையைக் கொட்டி, லேசாகச் சாய்த்து, உதட்டைக் குவித்து ஊதினாள். செதில் புகையாக எழுந்து போயிற்று. முட்டை மட்டும் கடுகு குட்டி போட்டாற்போல உருண்டு நின்றது.

"எங்க கத்துக்கிட்டீங்க, அக்கா?"

"இதுல இன்னா பாப்பா கத்துக்க கீது? மலையில சாமைய உமி போவ இப்டித்தான ஊதுவோம். சாமைய வுட இது கொஞ்சம் பொடிசு, அவ்ளோதான்."

அந்த மாதம் எங்கள் அட்டைகளைப் பார்த்துவிட்டுத் தலைமை அலுவலகத்தில் பாராட்டினார்கள். நான் பெருமிதத்தோடு தலையசைத்துக்கொண்டேன், ஏதோ நானே ஊதியதுபோல.

முகத்தில் கட்டிக்கொள்ளத் துணிக்கவசம் கொடுத்திருந்தார்கள். கவசத்தோடு எப்படி ஊதுவது? அவள் அதைக் கழற்றித் தாடைக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டாள். ஒரு முறை, "போட்டுக்குங்க, அக்கா" என்றேன். "இத்த கட்டிக்கினு ஊதுனா என் மூச்சு என் மூஞ்சிலயே அடிக்குது பாப்பா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். மறுபடி சொல்லவில்லை.

அட்டை கொடுக்கப் போகும்போது அவளையும் ஜீப்பில் அழைத்துப் போவேன். எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஒரு கரும்புக்காரர், அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா இது, பஸ் டிக்கெட்டாட்டம் கீது? இதுலேர்ந்து குளவி வருமா? வந்து எங்கள கொட்டுனா?"

நான் விளக்கவுரைக்குத் தொண்டையைச் செருமுவதற்குள் அலமேலு அக்கா முந்திக்கொண்டாள். "உங்கள கொட்டாது மாமா. உங்க தோலுக்கு அதோட ஊசி பத்தாது."

அடுத்த வாரம் போனபோது அவர் தாமே மகிழ்ந்து சொன்னார்: "அட்டையும் கட்டிட்டேன். எதுக்கும் இருக்கட்டும்னு மேல கொஞ்சம் மருந்தும் அடிச்சி வுட்டேன்."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "விருந்தாளிய கூப்ட்டு உக்கார வச்சி, எலையில வெசத்த ஊத்திட்டீங்களே மாமா!" வரப்பில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் அவரும் வெட்கத்தோடு சேர்ந்துகொண்டார். அடுத்த பருவத்தில் மருந்தைத் தொடவில்லை. நான் ஓராண்டு பேசிப் புரியவைத்திருக்க வேண்டியதை அவள் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

இருமல் முதலில் காலையில் மட்டும்தான் இருந்தது. பிறகு பேசினால் வந்தது. பிறகு ஊதும்போது நடுவில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, விசில்போல ஓசை எழ மூச்சை இழுத்துவிட்டு, மறுபடி தாளை எடுத்தாள். மலைக்கு விடுப்பில் போனால் நான்கே நாளில் சரியாகிவிடும். திரும்பி வந்தால் மறுநாளே வந்துவிடும்.

இங்கேதான் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கொட்டகையில் ஆங்கிலத்தில் ஒரு கையேடு இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் மட்டும். இறக்கைச் செதிலை நெடுநாள் சுவாசித்தால் நுரையீரல் கெடும், கவசமின்றி யாரும் அதைக் கையாளக் கூடாது என்று அதில் இருந்தது. வேலையில் சேர்ந்த முதல் வாரமே படித்துவிட்டேன். பென்சிலால் அடிக்கோடுகூட இட்டேன். எதைப் படித்தாலும் அடிக்கோடிடுவது என் பழக்கம். அந்தக் கோட்டோடு என் கடமை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன் போலும். கரும்புக்காரர்கள் வாசலில் காத்திருந்த பருவம் அது. அவளைப்போல் முட்டை புடைக்க எங்களிடம் வேறு ஆளில்லை.

அரசு மருத்துவமனைக்கு அவளை நான்தான் அழைத்துப் போனேன். தூசி வேலையை விட்டுவிட வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். வெளியே வந்ததும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "ஆபீசுல சொல்லிடாத பாப்பா. வேலைய வுட்டு நிறுத்திட்டா நானும் சூளைக்குத்தான் போவணும். இங்கதான் ஃபேனுக்கு அடியில உக்காந்து வேல செய்றேன். கரும்பு வெட்டு முடியட்டும், நானே நின்னுக்கறேன்."

நான் சொல்லவில்லை. இரக்கத்தால்தான் சொல்லவில்லை என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அவளை வேறு வேலைக்கு மாற்றியிருக்கலாம். பேசின் கழுவ, அட்டை வெட்ட, ஜீப்பில் வந்து கரும்புக்காரர்களைச் சிரிக்கவைக்க எத்தனையோ வேலை இருந்தது. அப்போது ஒன்றுமே தோன்றவில்லை.

வெட்டு முடிவதற்குள் அவளே நின்றுவிட்டாள். ஆடி மாதம் அவளைப் பார்க்கப் பேருந்து பிடித்து மலையேறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து முனகிக்கொண்டு ஏறியது. இந்தப் பாதையில் அவள் எப்படி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே போனேன். வாசலில் இரண்டு தலையணைகளை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். மலைக்காற்று இந்த முறை அவளைக் குணப்படுத்தவில்லை. எதிர்வீட்டுப் பெண் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். உமி பறந்து வந்தபோது அலமேலு அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வா பாப்பா. மேடம் எங்க வூட்டுக்கு வந்துக்கினு கீறாங்க, யாராச்சும் டீ போடுங்க!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுக்க முயன்றாள். பாதியில் மூச்சு முட்டியது. கொஞ்ச நேரம் கழித்து, "குளவியெல்லாம் நல்லா கீதா?" என்று கேட்டாள். நன்றாக இருப்பதாகச் சொன்னேன்.

பிறகு அவள் கேட்டாள். "நீ படிச்ச பொண்ணு. உனக்குத் தெரிஞ்சிருக்கும். இது எதனால பாப்பா வந்துது எனக்கு?"

என்னிடம் பதில் இருந்தது. அது எந்தப் பக்கத்தில், எத்தனையாவது வரியில் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். "தூசு சில பேருக்கு ஒத்துக்காது, அக்கா" என்றேன்.

"சில பேருக்கா?" என்றாள். யோசித்தாள். பிறகு என்னை ஆறுதல்படுத்துகிறவள்போலத் தலையாட்டினாள். "அப்ப என் ஒடம்புலதான் கோளாறு. வேல நல்ல வேலதான்."

மார்கழிக் குளிரை அவள் தாண்டவில்லை. செய்தி எனக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து பதினாறு நாட்களுக்கு மேலாகியிருந்தது.

கொட்டகை இப்போது இல்லை. அந்த இடத்தில் டிராக்டர் ஷோரூம் வந்திருக்கிறது. முட்டை அட்டைகள் வேறெங்கிருந்தோ கூரியரில் வருகின்றன. அங்கே இயந்திரம் வைத்துச் செதிலை உறிஞ்சி எடுக்கிறார்களாம், கேட்டபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மறுபடி மலையேறினேன். இந்த முறை சொல்லிவிடுவது என்ற உறுதியோடு போனேன். அவளுடைய கணவரிடமாவது சொல்ல வேண்டும், அவளுடைய உடம்பில் எந்தக் கோளாறும் இல்லை என்று. அவர் மிளகுத் தோட்ட வேலைக்குக் கேரளா போய், அங்கேயே காலமாகிவிட்டதாக எதிர்வீட்டுக்காரி சொன்னாள். வீடு இருந்த இடத்தில் மரவள்ளி நட்டிருந்தார்கள்.

"வேற யாரு வேணும் உங்களுக்கு?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

ஒருவரும் இல்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த பேருந்து வரும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.